வளர்ந்துவிட்ட பிள்ளைகள்

சபைக் குழுவோடு வெளிநாட்டு ஊழியப் பயணம் வந்த இடத்தில், நாங்கள் பணமும் கடிதமும் அனுப்பிப் படிக்க வைத்த பிள்ளைகளை நேரில் பார்த்தேன். ஒருத்தி இப்போது நர்ஸ், ஒருவன் பள்ளி ஆசிரியர்! புகைப்படத்தில் பொக்கைப் பல்லோடு சிரித்தவள் என்னைவிட உயரமாக வந்து கட்டிக்கொண்டாள். என் கடிதங்களையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கிறாள். மடிப்பு கிழிந்த இடங்களில் டேப் ஒட்டியிருந்தது. பணத்தைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. "பரீட்சை நேரத்தில் உனக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதினீர்களே அம்மா" என்றாள்.

1952இல் கொரியப் போரில் அநாதைகளான குழந்தைகளுக்காக எவரெட் ஸ்வான்சன் தொடங்கிய கம்பேஷன் போன்ற அமைப்புகள், கடிதம் எழுதுங்கள் என்று ஏன் அத்தனை வற்புறுத்துகின்றன என்று இப்போது நன்றாகப் புரிகிறது. பிள்ளைகளைத் தாங்குகிறவர்களே, தயவுசெய்து எழுதுங்கள். நாலு வரி போதும்.

அப்புறம், அந்த ஆசிரியர் தம்பி தன் சம்பளத்தில் ஒரு சிறுவனைப் படிக்க வைக்கிறான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!