நெடுந்தீவில் ஒரு முருகைக்கல் வீட்டைத் திருத்தியபோது

யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவில் அம்மம்மாவின் வீடு முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால், கட்டியது. பழைய கோட்டையின் இடிபாடு, சாந்தே இல்லாமல் அடுக்கிய வேலிகள் என்று ஊர் முழுக்க அந்தக் கல்தான். வீட்டைத் திருத்தப் போகிறோம் என்றதும் சொந்தக்காரர் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "இடிச்சுப்போட்டு சீமெந்துக் கல்லில கட்டுங்கோ."

எண்பதுகளில் வெளிச்சுவருக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். பார்வைக்குப் பலமாகத்தான் இருந்தது. மேசன் ஐயா உளியை வைத்துத் தட்டியதும் பூச்சு ஒரு தகடாகக் கழன்றது. பின்னால் இருந்த கல் விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. முருகைக்கல் முழுக்கத் துளைதான். நிலத்து ஈரத்தையும் கடற்காற்றின் உப்பையும் இழுத்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் வெளியே போய்விடும், சீமெந்து அதை மறித்துவிடும். உப்பு உள்ளேயே பளிங்காகி, கல்லை உடைக்கும். அதனால் முதலில் பூசுகிற வேலையே இல்லை, உரிக்கிற வேலைதான். அதற்குத்தான் அதிக காலம் போனது.

அடுத்த தலையிடி கல். கரையோரத்தில் முருகைக்கல் தோண்டுவதற்கு 1988 சட்டத் திருத்தத்தோடு தடை வந்துவிட்டது. நல்ல தடைதான், கடலுக்குள் இருக்கிற முருகைப் பார் (பவளத்திட்டு) இல்லாவிட்டால் கரையே இருக்காது. வளவுக்குள் இடிந்து கிடந்த குசினிச் சுவர்தான் கைகொடுத்தது. உங்களிடம் விழுந்த மதில் இருந்தால் தயவுசெய்து அள்ளி வீசிவிடாதீர்கள்.

மணல் குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து படகில் வந்தது. தண்ணீருக்கு மழைத்தண்ணீர்த் தொட்டி. எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் சாந்து குழைத்தால் நாங்களே சுவருக்குள் உப்பை ஏற்றுகிறோம். சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டோம். நான் அவசரப்படுத்தியபோது மேசன் ஐயா சொன்னார்: "அவசரம் எண்டால் சீமெந்துக்கே போம், தம்பி."

மாரி முடிந்து தையில் பூசத் தொடங்கினோம். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் பூச்சு கெதியில் காய்ந்து வெடித்துவிடும். அப்படியும் வெயிற்பக்கச் சுவருக்கு ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டியிருந்தது. மேலே பெயின்ட் அடிக்கவில்லை, வெறும் வெள்ளைச் சுண்ணாம்புதான்.

அறைச் சுவர் ஒன்றில் இப்பவும் உப்புப் பூக்கிறது. காய்ந்த பிரஷால் தட்டி, அள்ளி வெளியே கொட்டுகிறோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து திரும்பவும் கல்லுக்குள்தான் போகும்.