டிரைவ்வேயில் வாசித்த டாப்ஸ்

அமெரிக்காவுக்கு வந்த முதல் சில வருடங்கள் எங்களுக்கு மெமோரியல் டே என்றால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு, அவ்வளவுதான். மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. அந்த வார இறுதியில்தான் அப்பார்ட்மெண்ட் நீச்சல் குளத்தைத் திறப்பார்கள். கடைகளில் மெத்தை முதல் வாஷிங் மெஷின் வரை தள்ளுபடி. தமிழ் நண்பர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து பார்க்கில் சோளமும் சிக்கனும் சுட்டுச் சாப்பிடுவோம். நவம்பர் 11 அன்று வரும் வெட்டரன்ஸ் டேக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஆபீஸில் கேட்டால், இங்கேயே பிறந்தவர்களில்கூடச் சிலர் யோசித்துத்தான் சொல்வார்கள். நவம்பரில் ராணுவத்தில் இருந்த எல்லோருக்கும் மரியாதை. மே மாதத்து நாள் போரில் இறந்தவர்களுக்கு மட்டும். அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1868-இல், கல்லறைகளில் பூ வைக்கும் நாளாகத் தொடங்கியது இது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு வாடகை ட்ரம்பெட்டால்.

இங்கே அரசுப் பள்ளியில் மிடில் ஸ்கூலுக்குப் போனதும் பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கோரஸ் என்று கேட்டு ஏதாவது ஒன்றில் சேர்த்துக்கொள்கிறார்கள். மகள் வயலின் எடுப்பாள், அதே வயலினில் வர்ணம் கீர்த்தனை என்று வீட்டிலும் ஓட்டிவிடலாம் என்பது என் மனைவியின் கணக்கு. மகளோ ட்ரம்பெட் என்று வந்து நின்றாள். மாதாமாதம் வாடகை கட்டினால் போதும், குறிப்பிட்ட காலம் கட்டி முடித்தால் கருவி நமக்கே சொந்தம். முதல் மாதம் அவள் அறையிலிருந்து வந்த சத்தத்தை விவரிக்காமல் விடுவதுதான் நாகரிகம். ஊதி முடித்ததும் குழாயில் தேங்கும் நீரை ஒரு சின்ன விசையை அழுத்தித் தரையில் விடுவார்கள் என்பதையும், எங்கள் வீட்டில் கார்ப்பெட் என்பதையும் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, 2020 பிப்ரவரியில், அம்மா மதுரையிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். கொரோனாவால் மார்ச்சில் இந்தியாவுக்கு விமானங்கள் நின்றுபோயின. அதே மார்ச் 23 அன்று, இந்தக் கல்வியாண்டு முழுக்கப் பள்ளிகள் திறக்காது என்று எங்கள் வர்ஜீனியா மாநில ஆளுநர் அறிவித்தார். பேண்டின் வசந்தக் கச்சேரி ரத்து. அம்மாவுக்கு ஊருக்குப் போக வழியில்லை, பேத்திக்குப் பள்ளிக்குப் போக வழியில்லை. இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த மே மாதம் கல்லறைத் தோட்டங்களில் வழக்கமான கூட்டங்களை நடத்த முடியாத நிலை. அப்போது சி.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்தியாளர் ஸ்டீவ் ஹார்ட்மனும், விமானப்படை இசைக்குழுவில் பியூகிள் என்ற ஊதுகருவியை வாசித்து ஓய்வுபெற்ற ஜாரி வில்லனுவேவாவும் ஒரு அழைப்பு விடுத்தார்கள். மே 25, மெமோரியல் டே, பிற்பகல் 3 மணி. ட்ரம்பெட்டோ பியூகிளோ எது இருந்தாலும் சரி, உங்கள் வீட்டு வாசலில் நின்று டாப்ஸ் வாசியுங்கள். 3 மணிக்கு நாடே ஒரு நிமிடம் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும் என்று 2000-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த நிமிடத்தை இப்படி நிரப்பலாம் என்பது யோசனை. பேண்ட் ஆசிரியர் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கட்டாயமில்லை, மார்க் இல்லை. மகள் உடனே சரி என்றுவிட்டாள்.

டாப்ஸ் என்பது அமெரிக்க ராணுவ இறுதிச் சடங்குகளில் வாசிக்கும் மெட்டு. நம் ஊரில் அரசு மரியாதையோடு அடக்கம் நடக்கும்போது பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் ஒலிக்குமே, அந்த இடத்தில் இங்கே இது. மொத்தம் 24 சுரங்கள், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிரச்சினை வந்தது அம்மாவிடமிருந்து. மகள் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல்தான் வாசிக்க உட்காருவாள். "விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள சாவு மேளமா? நிறுத்தச் சொல்லுடா அவளை." மதுரைப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கும் பேண்டு செட் வரும், இறுதி ஊர்வலத்துக்கும் வரும். அதே ட்ரம்பெட், பல நேரம் அதே ஆட்கள். ஆனால் எந்தப் பாட்டு எந்த வீட்டுக்கு என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. பேத்தி வாசிப்பது எந்த வீட்டுப் பாட்டு என்று, யாரும் சொல்லாமலே அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது.

நான் சமாதானம் சொல்லத் தேடிப் போய்த்தான் அந்த மெட்டின் கதை கிடைத்தது. அது பிறந்ததே இறுதிச் சடங்குக்காக இல்லை. முகாமில் ராத்திரி விளக்கை அணைத்துத் தூங்குங்கள் என்று சொல்லும் அழைப்பு. பிறந்த இடமும் எங்கோ இல்லை. நாங்கள் இருப்பது ரிச்மண்டை ஒட்டிய க்ளென் ஆலனில். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம், ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஹாரிசன்ஸ் லேண்டிங் என்ற இடம்.

உள்நாட்டுப் போரில் ரிச்மண்ட் தெற்கத்தியர்களின் தலைநகரம். 1862-இல் அதைப் பிடிக்க வந்த வடக்குப் படை, ஏழு நாள் சண்டைக்குப் பிறகு பிடிக்க முடியாமல் பின்வாங்கி, அந்த ஆற்றங்கரைத் தோட்டத்தில் முகாம் போட்டது. காயம்பட்டவர்கள், காய்ச்சல்காரர்கள், ஜூலை மாதப் புழுக்கம். டேனியல் பட்டர்ஃபீல்ட் என்ற தளபதி சில நாள் முன்புதான் கெய்ன்ஸ் மில் சண்டையில் தன் பிரிகேடில் நூற்றுக்கணக்கானோரை இழந்திருந்தார். அதுவரை இருந்த விளக்கணைப்பு அழைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆலிவர் நார்ட்டன் என்ற இளம் பியூகிள்காரரைக் கூப்பிட்டு, ஒரு உறையின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்திருந்த சுரங்களைக் காட்டி வாசிக்கச் சொன்னார். இங்கே நீட்டு, அங்கே குறுக்கு என்று திருத்தினார். அன்றிரவு அது ஒலித்ததைக் கேட்டு, மறுநாள் பக்கத்து பிரிகேடுகளிலிருந்து ஆட்கள் வந்து எழுதி வாங்கிப் போனார்களாம். நார்ட்டனே பிற்காலத்தில் எழுதி வைத்த விவரம் இது. கொஞ்ச நாளில் எதிர்ப் படையும் வாசிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சமயத்திலேயே ஒரு பீரங்கி வீரனைப் புதைக்க வேண்டியிருந்தது. மரியாதைக்கு மூன்று முறை வேட்டுப் போடுவது வழக்கம். எதிரி பக்கத்திலேயே இருந்ததால், வேட்டுச் சத்தம் கேட்டுச் சண்டை மூண்டுவிடும் என்று பயந்து, டிட்பால் என்ற கேப்டன் அதற்குப் பதிலாக டாப்ஸை வாசிக்கச் சொன்னார். தூங்கச் சொல்லும் பாட்டு இறுதிச் சடங்குக்குப் போனது அப்படித்தான்.

"அப்ப தாலாட்டுன்னு சொல்லு" என்றார் அம்மா. அதோடு ஆட்சேபம் பாதி குறைந்தது. மீதி குறைந்தது சுரத்தால். சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டவர் அவர். மகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், ஒருநாள் வெளியே வந்து பாடிக் காட்டினார்: ப ப ஸ, ப ஸ க. "மூணே சுரம்தானேடி கண்ணு! ஸ, க, ப. கீழ்ப் பஞ்சமத்துல ஆரம்பிச்சு மேல்ப் பஞ்சமத்தைத் தொட்டுட்டு வீட்டுக்கு வந்துடுது." சரியாகத்தான் சொன்னார். பியூகிளில் விரலால் அழுத்த எதுவும் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் குழாய் இயல்பாகத் தரும் சுரங்களை மட்டும் எடுக்க முடியும். ட்ரம்பெட்டில் வாசித்தாலும் டாப்ஸுக்கு ஒரு வால்வையும் தொட வேண்டாம். எளிது என்று தோன்றும். விரல் உதவாததால் எல்லாப் பொறுப்பும் உதட்டின் மேல் விழுகிறது.

1963-இல் ஜான் கென்னடியின் அடக்கத்தில், அந்த வேலையில் நாட்டிலேயே தேர்ந்தவர்களில் ஒருவரான கீத் கிளார்க் வாசித்தபோது ஆறாவது சுரம் பிசிறிவிட்டது. மணிக்கணக்காகக் குளிரில் நின்றிருந்தார், பக்கத்திலேயே வேட்டு முழக்கம் வேறு. அது வேண்டுமென்றே செய்த விம்மல் என்று நினைத்தவர்களும் உண்டு. பேண்ட் ஆசிரியர் இதைச் சொன்னதிலிருந்து மகள் ஆறாவது சுரத்தைக் கண்டு பயப்பட ஆரம்பித்தாள். தைரியம் சொல்லப்போய்ப் பயமுறுத்திவிட்டார் என்பது என் கருத்து.

எதிர் வீட்டுப் பெரியவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். அதுவரை எங்களுக்குள் கையசைப்பும் குப்பைத் தொட்டி பற்றிய பேச்சும்தான். மகள் வாசிக்கப் போவதாகச் சொன்னபோது, தெருவின் நடுவில் ஆறடி தள்ளி நின்று, தன் நண்பரின் அடக்கத்தைப் பற்றிச் சொன்னார். சீருடையில் வந்த இளைஞர் பியூகிளை உதட்டில் வைத்தார், அருமையான வாசிப்பு, ஆனால் கன்னமே அசையவில்லை. பியூகிளின் வாய்க்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர், பட்டனை அழுத்தினால் பதிவு ஓடும்.

அதற்கும் காரணம் இருக்கிறது. ராணுவத்தில் முறையாகப் பணியாற்றியவர் யார் இறந்தாலும் குடும்பம் கேட்டால் இரண்டு சீருடைக்காரர்கள் வந்து கொடியை மடித்துக் கொடுத்து, டாப்ஸ் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது 2000 முதல் சட்டம். இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற தலைமுறை ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் என்ற கணக்கில் மறைந்துகொண்டிருந்த காலம் அது. அத்தனை பியூகிள்காரர்கள் ராணுவத்தில் இல்லை. அதனால் இந்த எலக்ட்ரானிக் பியூகிள். அதே வருடம் டாம் டே என்ற முன்னாள் மரைன் படை வீரர், பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகள் முதல் தாத்தாக்கள் வரை வாசிக்கத் தெரிந்தவர்களைச் சேர்த்தார். பிழையில்லாத பதிவை விடப் பிசிறினாலும் ஒரு ஆள் ஊதுவது மேல் என்பதுதான் அவர்கள் கட்சி. பெரியவரும் அந்தக் கட்சிதான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சாவு வீட்டில் கேசட் போட்டு ஒப்பாரி வைத்தால் நம் ஊரில் ஒத்துக்கொள்வார்களா?

மெமோரியல் டே அன்று காலையில் அவர் வீட்டுக் கொடி பாதிக் கம்பத்தில் இருந்தது. மதியம் 12 மணிக்கு வெளியே வந்து உச்சிக்கு ஏற்றினார். அந்த நாளுக்கு அதுதான் முறை. மூன்று மணிக்குச் சில நிமிடம் முன்பு நாங்கள் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் டிரைவ்வேக்கு வந்தோம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். "பேத்தி கச்சேரியாச்சே" என்று ஒரு விளக்கம் வேறு. தெருவில் அங்கங்கே வாசல்களில் ஆட்கள். பலரை அன்றுதான் முதன்முதலாக முழு முகத்தோடு பார்க்கிறேன்.

ஆறாவது சுரம் சுத்தமாக வந்தது. உச்சியில் அந்த மேல் பஞ்சமம் லேசாகக் கரகரத்தது. அவள் நிறுத்தாமல் இறங்கி வந்து முடித்தாள். அவள் முடித்த பிறகு, பின் தெருவிலிருந்து இன்னொரு ட்ரம்பெட் அதே மெட்டில் பாதியில் இருந்தது. கடிகாரம் தாமதமோ, நிதானமாக வாசிப்பவரோ. எல்லோரும் அதுவும் முடியும் வரை நின்றார்கள். பெரியவர் நெற்றியில் வைத்த கையை அப்புறம்தான் இறக்கினார். அம்மா இரு கை கூப்பியிருந்தார்.

அன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் இப்படி வாசித்ததை மாலைச் செய்தியில் பார்த்தோம். பெரும்பாலும் எங்கள் மகளைப் போன்ற கற்றுக்குட்டிகள், ஹைஸ்கூலோடு விட்டுவிட்டுப் பரணிலிருந்து கருவியைத் தேடி எடுத்தவர்கள்.

கொரோனா தணிந்த பிறகு ஹாரிசன்ஸ் லேண்டிங் போய் வந்தோம். பெர்க்லி பிளான்டேஷன் என்று பெயர் கேட்டால் வழி சொல்வார்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் 1969-இல் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கம் வைத்த டாப்ஸ் நினைவுச் சின்னம் இருக்கிறது. எதிர் வீட்டுப் பெரியவர் அங்கே போனதே இல்லை என்றார். அடுத்த முறை அவரையும் காரில் ஏற்றிக்கொண்டோம்.

கொரோனா போனாலும் 3 மணி டாப்ஸ் வருடாவருடம் தொடர்கிறது. ட்ரம்பெட் வாடகை கட்டி முடிந்து இப்போது எங்களுடையது. நடுவில் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த வருடம் மட்டும் உதடு கிழிகிறது என்று மகள் வாசிக்கவில்லை. அன்றைக்குப் பின் தெரு ட்ரம்பெட்தான் எங்களுக்கும் சேர்த்து வாசித்தது. அந்த வார இறுதியில் பீச்சுக்குப் போனாலும் திங்கள் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். அம்மாவுக்கு அப்போது மதுரையில் நள்ளிரவு பன்னிரண்டரை. தூங்காமல் காத்திருந்து வீடியோ காலில் கேட்டுவிட்டு, மேல் பஞ்சமம் எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கிறார்.