ஏழு பாய்மரம், இரண்டு நங்கூரம்

பாய்மரச் சரக்குக் கப்பல்கள் நடுக்கடலில் அழிந்ததைவிடக் கரையோரத்தில் அழிந்ததுதான் அதிகம் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். ஆழ்கடலில் எவ்வளவு பெரிய புயல் அடித்தாலும், காற்று போகும் பக்கம் கப்பலை ஓட விட இடம் இருக்கும். கரையை நோக்கிக் காற்று அடிக்கும்போது அந்த இடம் இல்லை. காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து வெளியே போயாக வேண்டும், முடியாவிட்டால் நங்கூரம் போட வேண்டும், அதுவும் அறுந்தால் பாறைதான். இதற்கு உதாரணமாக எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது தாமஸ் டபிள்யூ. லாசன் என்ற கப்பல்.

1902-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குவின்சி என்ற ஊரில் கட்டிய ஸ்கூனர் அது, அதாவது கப்பலின் நீளவாக்கில் பாய் கட்டும் பாய்மரக் கப்பல். எஃகு உடல், ஏழு பாய்மரம். ஏழு மரத்தோடு வேறு ஸ்கூனர் கட்டப்படவே இல்லை. பாய்களை ஏற்றி இறக்க, கயிற்றைச் சுற்றி இழுக்கும் நீராவி வின்ச் வைத்திருந்தார்கள், அதனால் அவ்வளவு பெரிய கப்பலை 18 பேரை வைத்தே ஓட்ட முடிந்தது. அதே வருஷம் ஜெர்மனியில் கட்டிய ஐந்து பாய்மரம் கொண்ட கப்பலான பிராய்சனுக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டியிருந்தது. கூலி மிச்சம், எரிபொருள் செலவு மிச்சம், இந்தக் கணக்குதான் லாசனைப் பிறக்க வைத்தது. ஆனால் கப்பலை நகர்த்த எஞ்சின் கிடையாது. நல்ல காற்று இல்லாவிட்டால் திருப்புவதே பெரும்பாடு. முதலில் நிலக்கரி ஏற்றினார்கள். சுமை ஏற்றினால் நீருக்குள் ரொம்ப ஆழம் இறங்கியதால் பல துறைமுகங்களுக்குள் நுழைய முடியவில்லை. அப்புறம் எண்ணெய்க் கப்பலாக மாற்றினார்கள்.

1907 நவம்பர் 19-ஆம் தேதி, சுமார் 58,000 பீப்பாய் பாரஃபின் எண்ணெயோடு பிலடெல்பியாவுக்குப் பக்கத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. அட்லாண்டிக்கைக் கடந்து அது போன முதல் பயணம் அதுதான். வழியெல்லாம் புயல். பாய்களில் பெரும்பாலானவை கிழிந்து போயின, உயிர்காப்புப் படகுகளை அலை அடித்துக்கொண்டு போனது. டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் உள்ள சில்லி தீவுகளுக்கு வந்தபோது, கப்பல் பாறைக் கூட்டத்துக்குள் மாட்டியிருந்தது. காற்று வடமேற்கிலிருந்து வலுத்துக்கொண்டிருந்தது. திருப்பி வெளியே கொண்டுபோக வழியில்லாமல் கேப்டன் ஜார்ஜ் டவ் இரண்டு நங்கூரத்தையும் போட்டார்.

தீவிலிருந்து இரண்டு மீட்புப் படகுகள் வந்தன. கப்பலை விட்டு இறங்கிவிடுங்கள் என்று கேட்டார்கள். டவ் மறுத்துவிட்டார். அந்தக் கடலில் கப்பல்களுக்கு வழிகாட்டும் உள்ளூர் பைலட் ஹிக்ஸ் மட்டும் கப்பலில் ஏறிக்கொண்டார். இழுவைக் கப்பல் அனுப்பச் சொல்லிச் செய்தி போனது, ஆனால் அந்தக் கடலில் எந்த இழுவைக் கப்பலும் வரவில்லை. இரவு ஏற ஏற மீட்புப் படகுகளும் ஒவ்வொன்றாகத் திரும்ப வேண்டியதாயிற்று.

நள்ளிரவு தாண்டி நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. அலையிலிருந்து தப்ப எல்லோரும் பாய்மரக் கயிறுகளில் ஏறிக்கொள்ளும்படி கேப்டன் சொல்லியிருந்தார். கப்பல் பாறையில் மோதியதும் ஏழு மரங்களும் ஆட்களோடு சேர்ந்து கடலில் விழுந்தன. விழுந்த இடமெல்லாம் எண்ணெய். 19 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர், கேப்டனும் எஞ்சினியர் எட்வர்ட் ரோவும். இன்னொருவரை உயிரோடு மீட்டார்கள், ஆனால் அவர் பிழைக்கவில்லை.

காலையில் துடுப்புப் படகில் தேடிக்கொண்டு வந்தவர்களில் பைலட் ஹிக்ஸின் மகனும் ஒருவர். அவர் தேடி வந்தது அப்பாவை. அப்பா கிடைக்கவில்லை. பாறை ஒன்றில் அடிபட்டுக் கிடந்த டவ்வைக் கண்டதும், கயிறு கட்டிக்கொண்டு அந்த எண்ணெய்க் கடலில் நீந்திப் போய் அவரைக் கொண்டுவந்தார். யாருடைய முடிவால் அப்பா அந்தக் கப்பலில் இருந்தாரோ அதே கேப்டனை. இதை முதலில் படித்தபோது மேலே படிக்காமல் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன்.

டவ் ஏன் இறங்கவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். கைவிட்ட கப்பலை மீட்பவன் அதன் மதிப்பில் பங்கு கேட்கலாம் என்பது கடலோடிகளுக்குத் தெரிந்த சட்டம், அது அவர் மனதில் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அவர் செய்தது தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மொத்தப் பழியையும் அவர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. காற்று மாறினால் தப்பிக்க எந்த வழியும் இல்லாத ஒரு கப்பலை, கூலியும் எரிபொருளும் மிச்சம் என்று கட்டி, டிசம்பர் மாதம் அந்தக் கரைக்கு அனுப்பியவர்கள் கரையில் பத்திரமாக இருந்தார்கள். நாற்பதுக்கு மேல் ஆட்கள் இருந்த பிராய்சனுக்கும் 1910-இல் இதே கதிதான். ஆங்கிலக் கால்வாயில் நீராவிக் கப்பல் ஒன்று மோதியதில் சேதமாகி, புயலில் நங்கூரச் சங்கிலிகள் அறுந்து டோவர் பக்கம் பாறையில் ஏறியது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.