இன்டர்வியூவுக்குக் கேரம் காய் கொண்டுபோன கதை

கேம் டிசைனில் எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுகலைப் படிப்பு) படிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்கணும்?" போர்ட்ஃபோலியோ என்றால் நாம் செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பு. என்ஐடி, அதாவது தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (NID) பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் இருக்கிறது. முதலில் ப்ரிலிம்ஸ், தேறினால் மெயின்ஸ். அதில் ஸ்டுடியோ டெஸ்ட்டும் இன்டர்வியூவும். நான் முதல் தடவை கோட்டைவிட்டது இன்டர்வியூவில்.

எனக்குச் சினிமாப் பித்து. காசிமேட்டில் விடியும் முன்பே தொடங்கும் மீன் ஏலத்தை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மூன்று நிமிடப் படமாகச் செய்தேன். ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக, அதாவது கணினி அதை முழுப் படமாக வரைந்து முடிக்க, நாலு நிமிடம். மொத்தம் 4,320 ஃப்ரேம். பழைய லேப்டாப் டேபிள் ஃபேன் முன்னால் 12 நாள் ஓடியது. "மன்சன் வேர்வைல சாவறான், பொட்டிக்கு இன்னாத்துக்குடா காத்து?" என்று அம்மா திட்டாத நாளில்லை.

இன்டர்வியூவில் ஒரு மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினார். "இதுல விளையாடறவங்க என்ன செய்வாங்க?"

"பார்ப்பாங்க மேடம்."

சொல்லும்போதே தெரிந்துவிட்டது.

ஜப்பானிய கேம் டிசைனர் ஹிடியோ கோஜிமாவும் சினிமா இயக்குநராக ஆசைப்பட்டவர்தான். 1986இல் கொனாமி என்ற கேம் கம்பெனியில் சேர்ந்தார். 1987இல் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கு மெட்டல் கியர் என்ற கேமைச் செய்தபோது, திரையில் ஒரே நேரத்தில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் காட்ட அந்தப் பெட்டிக்குத் தெம்பில்லை. சண்டை போடுவதை விட்டு ஒளிந்து நழுவுவதையே விளையாட்டாக்கினார். அவர் பெயரோடு எல்லோரும் சொல்லும் அந்த சினிமாத்தனம், 1998இல் பிளேஸ்டேஷனில் மெட்டல் கியர் சாலிட் வந்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது. நான் அதன் கட்சீன்களை, அதாவது ஆட்டத்தின் நடுவே வெறுமனே பார்க்க வரும் சினிமாக் காட்சிகளை, மட்டும் பார்த்து மயங்கியவன்.

மறு வருஷம் லேப்டாப்பையே தொடவில்லை. அதே ஏலம், அட்டையும் கேரம் காயும். வெள்ளைக் காய் ஐஸ், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று உருகிப் போகும். கறுப்பு காசு. சிவப்பு வஞ்சிரம். வியாசர்பாடி நண்பர்களை உட்கார வைத்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் ஒருவன் கடைசிவரை எதையும் வாங்காமல் கம்மென்று இருந்தே ஜெயித்துவிட்டான். விதியை மாற்றினேன்: ஐஸ் தீருவதற்குள் வாங்காதவர் வெறுங்கூடையோடு வெளியே. இப்படி உடைந்ததும் ஒட்டியதுமான நோட்டுப் பக்கங்களை அப்படியே போர்ட்ஃபோலியோவில் வைத்தேன். நீங்களும் வையுங்கள். அழித்து அழகாக எழுதாதீர்கள்.

இந்த முறை இரண்டு பேர் ஆடிப் பார்த்தார்கள். ஐஸ் ஒன்றுதான் பாக்கி. ஒரு சார் வஞ்சிரத்தை விட மனசில்லாமல் ஏலத்தை ஏற்றிக்கொண்டே போனார். என்னிடம் கேள்வி கேட்கவே மறந்துவிட்டார்.