நேற்றைய குழம்பு, இன்றைய மதியம்

மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே வேலை. மதியச் சாப்பாட்டுக்குக் கிடைப்பது 30 நிமிடம். புதிதாகச் சமைக்க நேரமில்லை, தேவையுமில்லை.

நேற்றைய வத்தக்குழம்பு, மிஞ்சிய கூட்டு, அவரைக்காய்ப் பொரியல் எல்லாவற்றையும் மண்சட்டியில் கொட்டிச் சிறு தீயில் வைத்துவிட்டு, கடைசி மின்னஞ்சலை எழுதுகிறேன். ஓரத்தில் நல்லெண்ணெய் பிரிந்து, கரண்டியில் ஒட்டும் பதத்துக்குச் சுண்ட வேண்டும். சுண்டக்குழம்பு! இரவே நீரூற்றி வைத்த பொன்னிப் புழுங்கலரிசிச் சோற்றில் மோர் விட்டு, உப்புப் போட்டுப் பிசைந்தால் இதற்கு இணை கிடையாது.

இட்லி மீந்த நாளில் உதிர்த்து உப்புமா. அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

"சட்டியைக் கழுவிவிடாதே தம்பி, ஒரு பிடி சோறு போட்டுப் பிரட்டு" என்று கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுக்கிறார். காலையிலிருந்து நான் காத்திருப்பதே அந்தச் சட்டிச் சோற்றுக்குத்தான்.