பழைய மாருதி 800-இல் புது ஸ்டீரியோ

அப்பாவின் மாருதி 800-இல் புது ஸ்டீரியோ மாட்டியாயிற்று. வயரிங் முழுக்க நானே செய்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

செட்டின் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும். கடிகாரமும் சேமித்து வைத்த எஃப்.எம். நிலையங்களும் அழியாமல் இருப்பது அதனால்தான். சிவப்பு வயருக்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைன். சில கடைகளில் இரண்டையும் சேர்த்து முறுக்கி நேராக பேட்டரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பாட்டு கேட்கும், சரி. ஆனால் செட்டை அணைக்க மறந்தால் பேட்டரி படுத்துவிடும். வண்டிப் பக்கத்து வயர்களின் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம் ஸ்பீக்கர். பழைய வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸை வண்டியின் தகர பாடியிலேயே இணைத்து எர்த் செய்திருப்பார்கள். இப்போதைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைக்கும் ஆம்ப்ளிஃபையரிலிருந்தே சிக்னல் போகிறது. மைனஸ் பாடியைத் தொட்டால் செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. (சிப்) எரிந்துபோகலாம். அதனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்தே இரண்டு வயர் புதிதாக இழுத்தேன். கதவுக்குப் போகிற இடத்தில் ரப்பர் புஷ் (ஓட்டையின் விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம்) கட்டாயம், இல்லையென்றால் தகரம் வயரை அறுத்துவிடும்.

அப்புறம், இணைப்புகளுக்கு இன்சுலேஷன் டேப் மட்டும் போதாது. நம் ஊர் வெயிலில் டேஷ்போர்டுக்குள் பசை இளகி, டேப் பிசுபிசுவென்று தானாகக் கழன்று வரும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள்.