அச்சாரம்

2011-ஆம் ஆண்டு, செய்யாறு பக்கத்தில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திடல். பாரதக் கூத்தின் கடைசி இரவு. பாரதப் போரின் கடைசி நாளைச் சொல்லும் ‘பதினெட்டாம் போர்’ நாடகம் நடந்துகொண்டிருந்தது. மணி நான்கு. முதல் பஸ்ஸைப் பிடித்துச் சென்னை திரும்பி, பத்து மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதால் குறிப்பேட்டை மூடிக்கொண்டு எழுந்தேன். இளையவரிடம் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்த, குழுவை நடத்தும் வாத்தியார், “இதை எழுதினால் எவ்வளவு கொடுப்பார்கள், சார்?” என்று கேட்டார்.

ஒன்றும் கொடுப்பதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. கூத்துப் பெட்டியைத் திறந்து, ஓரம் கிழிந்த ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பங்குனியிலிருந்து ஆடி வரை தேதி வாரியாக ஊர், நாடகம், பேசிய தொகை, வாங்கிய அச்சாரம். “தாம்பூலத்தோடு அச்சாரம் வைக்காத ஊருக்கு நான் பெட்டி கட்டுவதில்லை. வயிற்றுக்காக மட்டும் இல்லை, சார். அச்சாரம் கொடுத்த ஊர்தான் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும்” என்றார்.

அப்போது நான் கலை விமர்சனம் எழுதத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கூத்து, நவீன நாடகம், ஓவியக் காட்சி, புத்தகம் என்று எழுபது கட்டுரைகளுக்கு மேல் வந்திருந்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூட எழுதும் முன்பே தொகையைக் கேட்டதில்லை. வந்தால் வாங்கிக்கொள்வேன். வராவிட்டால் அதைப் பேசுவதே அநாகரிகம் என்று நம்பியிருந்தேன்.

இந்தக் கூச்சத்தில் ஒரு பங்கு ‘சன்மானம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது என்று பின்னால் தோன்றியது. கொடுப்பவர் மனமுவந்து செய்யும் மரியாதை அது. அச்சகத்துக்கும் காகிதக் கடைக்கும் யாரும் சன்மானம் கொடுப்பதில்லை. கணக்குப் பார்த்துப் பணம் தருகிறார்கள். எழுதியவருக்கு மட்டும்தான் மரியாதை.

நம் விமர்சன மரபும் இந்தக் கேள்வியை மறைத்து வைத்திருக்கிறது. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரிகளை விமர்சித்த கல்கி, ஆனந்த விகடனில் பணியாற்றியவர். இசை, நாட்டிய விமர்சகர் சுப்புடுவுக்கு மத்திய நிதி அமைச்சகத்தில் உத்தியோகம். கலை, இலக்கிய விமர்சகர் வெங்கட் சாமிநாதன் ஹிராகுட் அணைக்கட்டில் தொடங்கிப் பின்னர் டில்லியில் அரசு வேலை பார்த்தவர். யாருக்கும் அஞ்சாத அந்த எழுத்துக்குப் பின்னால் மாதச் சம்பளம் ஒன்று இருந்தது. அவர்களுடைய துணிவைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் துணிவுக்கு எங்கிருந்து சோறு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன். எழுத்தையே நம்பிய இலக்கிய விமர்சகர் க.நா.சு. டில்லியில் ஆங்கிலத்திலும் எழுதித்தான் காலம் தள்ளினார். சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையை 1959-இல் தொடங்கி நடத்தியதோடு, புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார்.

2013-இல் வேலையை விட்டேன். அதன் பிறகுதான் பணம் தரும் இடங்களைத் தேடத் தொடங்கினேன். ஆங்கில இதழ்கள் தமிழ் இதழ்களைப் போல ஐந்து மடங்கு, சில சமயம் பத்து மடங்கு கொடுத்தன. ஆனால் 1,200 சொற்களில் 400 சொற்கள் கூத்து என்றால் என்ன, திரௌபதி ஏன் அம்மன் ஆனாள் என்று விளக்குவதிலேயே போய்விடும். தமிழில் எழுதும்போது, இந்த வாத்தியாரின் கர்ணன் ஏன் மனைவி பொன்னுருவியிடம் குரலைத் தாழ்த்துகிறான் என்று முதல் வரியிலேயே ஆரம்பிக்கலாம். விமர்சனம் தமிழில் நடக்கிறது, அதற்கான கூலி ஆங்கிலத்தில் கிடைக்கிறது. இன்றும் என் மாதக் கணக்கு அப்படித்தான்.

வானொலி உரை, பல்கலைக்கழகக் கருத்தரங்கு, கண்காட்சிக்கான கையேடு, பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பது எல்லாம் செய்தேன். நீண்ட ஆய்வு மனத்தில் இருப்பவர்கள் பெங்களூருவில் உள்ள இந்தியக் கலை அறக்கட்டளையின் நல்கைகளைக் கவனிக்கலாம். 1995 முதல் வழங்கிவருகிறார்கள்; எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பிக்கலாம்.

மிக நன்றாகப் பணம் தந்தது சபா மலர்தான். மார்கழி விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். சொன்ன நாளில் காசோலை வந்தது. அடுத்த வாரம் அதே மேடையில் நடந்த ஒரு நாட்டிய நாடகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில் என் கை ஒரு வாக்கியத்தை மென்மையாக்கியது. யாரும் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை; நானாகவே செய்தேன். அன்றிலிருந்து யாருடைய நிகழ்ச்சியை விமர்சிப்பேனோ அவரிடம் எந்த எழுத்துக்கும் பணம் வாங்குவதில்லை. வருமானம் குறைந்தது. அந்த வாக்கியம் இன்னும் உறுத்துகிறது.

சிற்றிதழ்களிடம் நான் பணம் கேட்பதில்லை. ஆசிரியரே கைக்காசைப் போட்டு அச்சடிக்கும் இதழில் நானும் என் பங்கைப் போடுகிறேன், அவ்வளவுதான். ஆனால் விளம்பரம் வாங்கி, வாடகை கட்டி, எல்லோருக்கும் சம்பளம் கொடுக்கும் ஓர் இடத்திலிருந்து “உங்கள் பெயர் பரவும்” என்று சொல்லி அழைத்தபோது மறுத்தேன்.

காப்புரிமைச் சட்டத்தைப் படித்தது எனக்குப் பெரிய திறப்பு. சம்பளத்தில் இல்லாதவர் எழுதிய கட்டுரையின் உரிமை, 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலில் எழுதியவருக்கே. கைமாற்ற வேண்டுமானால் எழுத்து மூலமாக, கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். இது தெரியாமல் என் பழைய கட்டுரைகளைத் தொகுக்க ஓர் இதழிடம் அனுமதி கேட்டு எட்டு மாதம் காத்திருந்தேன். நான் எதிலும் கையெழுத்துப் போடவே இல்லை.

இவற்றையெல்லாம் என் பிழைப்புக்காக மட்டும் சொல்லவில்லை. பணம் எங்கே இல்லையோ அந்தக் கலை எழுதப்படாமல் போகிறது. சினிமாவுக்குச் சென்னையிலேயே பத்திரிகையாளர் காட்சி உண்டு. இரண்டரை மணி நேரத்தில் வீடு திரும்பி எழுதிவிடலாம். கூத்துக்குப் பஸ் பயணம், ஓர் இரவு, தூக்கமில்லாத மறுநாள் எல்லாம் வேண்டும். அந்தச் செலவை யாரும் ஏற்காதபோது, விமர்சகர் வீட்டுக்கு அனுப்பப்படும் புத்தகத்தையும் அழைப்பிதழ் வந்த நிகழ்ச்சியையும் எழுதிக்கொண்டிருப்பார். என் பழைய கட்டுரைகளைப் புரட்டினால் இது அப்பட்டமாகத் தெரிகிறது. ஒன்பது பாரதக் கூத்துகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூடப் படுகளம் இல்லை. விடிந்த பிறகு, மண்ணில் கிடத்திச் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் போர் முடிந்து, திரௌபதி கூந்தல் முடியும் அந்தக் காலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பஸ்ஸில் இருந்தேன்.

சென்ற சித்திரையில் ஓர் இதழ் ஆசிரியர் கூத்து பற்றிக் கட்டுரை கேட்டார். தொகை எவ்வளவு, பயணச் செலவும் இரண்டு இரவு தங்கும் செலவும் தனியாக உண்டா, பாதியை முன்பணமாகத் தர முடியுமா என்று கேட்டு எழுதினேன். அனுப்பிவிட்டுப் பழைய கூச்சத்தோடு கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். மாலையில் ஒரே வரியில் ஒப்புதல் வந்தது. மறுநாள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியது.

வாத்தியாரை அழைத்துச் சொன்னேன். இப்போது அவர் ஆடுவதில்லை. மகன் குழுவை நடத்துகிறார். நாள் பார்த்துச் சொல்ல நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. “பதினெட்டாம் போருக்கே வந்துவிடுங்கள். காலையில் எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போகலாம்” என்றார்.